கிரெய்க்கின் இடது முழங்கால்

1

எங்கள் கிளினிக்கில் வருஷா வருஷம் ஒரு வீடியோ போடுவார்கள். நோயாளியின் விஷயத்தை அவருடைய அனுமதியில்லாமல் வேறு யாரிடமும் பேசக் கூடாது என்பதுதான் அதன் சாரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பீட்சா வரவழைத்து வைத்துவிட்டுப் போடுவார்கள். பீட்சா இல்லாவிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். இந்த வருஷத்துக் காட்சி போன வாரம் நடந்தது. ஒரு நர்ஸம்மா லிஃப்டுக்குள் நின்றுகொண்டு யாரோ ஒரு நோயாளியைப் பற்றி வாய் விடுகிறாள், உடனே பின்னணியில் சோகமாக ஒரு பியானோ. என் பக்கத்தில் இருந்த பெண் பீட்சாவைக் கடித்தபடியே என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். எல்லாருக்கும் தெரியும், இந்த வீடியோ எங்கள் கிளினிக்குக்கு வந்ததே என்னால்தான் என்று.

நான் பொள்ளாச்சிக்காரி. கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்து, அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, டெக்ஸாஸில் ரிச்சர்ட்சன் என்கிற இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவள். எங்கள் வீட்டில் விசா முதலில் எனக்குத்தான் வந்தது. வீட்டுக்காரர் என் பின்னால் வந்து, ஒரு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்து டி.வி. பார்த்து, அப்புறம்தான் இங்குள்ள டெலிகாம் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். இதை ஊரில் சொன்னால் இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

என் மேல் புகார் எழுதிக் கொடுத்தவள் பெயர் டானா. அவள் மேல் கோபம் இருந்தது, போய்விட்டது. அந்தப் புகாரால் என் கிரீன் கார்டு காகிதம் வக்கீல் மேஜையில் எத்தனை காலம் தூங்கியது, நான் எத்தனை மேனேஜர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்பதையெல்லாம் இங்கே இழுக்கப் போவதில்லை. டானாவின் புருஷன் கிரெய்க்கைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவனுக்கு என் தம்பி வயது. அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அவன் பேசிய இங்கிலீஷையும் எனக்குக் கேட்ட தமிழில்தான் போடுகிறேன்.

2

கிரெய்க் ஆஸ்திரேலியாக்காரன். அங்கே கால்பந்து ஆடியவன். முதலில் இதை வீட்டில் சொன்னபோது, "ஃபுட்பாலா? அவனுக கிரிக்கெட்டல்ல ஆடுவானுக" என்றார் வீட்டுக்காரர்.

இது வேறு கால்பந்து. அவர்களே உண்டாக்கிக்கொண்டது. நம்மாட்கள் டி.வி.யில் கிரிக்கெட் பார்த்து மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கிற அதே மெல்போர்ன் மைதானத்தில், குளிர்காலத்தில் ஆடுவார்கள். பந்து பப்பாளிக்காய் மாதிரி நீளமாக இருக்கும். காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம், பிடித்துக்கொண்டும் ஓடலாம். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். பந்து நடுக் கம்பங்களுக்கு இடையில் போனதா என்று பார்த்துச் சொல்ல வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர், நம்மூர் டாக்டர் மாதிரியே, நின்றுகொண்டிருப்பார். உயரத்தில் வருகிற பந்தைப் பிடிக்க, முன்னால் நிற்பவன் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறிவிடுவார்கள். ஏறுவது தப்பில்லை, அதற்குத்தான் கைதட்டலே.

அப்படி ஏறுவதில் பேர் வாங்கியவன் கிரெய்க். கோதுமை விளைகிற ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து பதினேழு வயசில் அவனைப் பொறுக்கி எடுத்து மெல்போர்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் வருஷமே பேப்பரில் படம். மூன்றாம் வருஷம் உயரத்திலிருந்து இறங்கும்போது இடது முழங்கால் திரும்பிக்கொண்டது. ஆபரேஷன், ஒரு வருஷம் வீட்டில். திரும்ப வந்தான். நன்றாக ஆடினான். திரும்பவும் அதே கால். திரும்பவும் ஆபரேஷன். இருபத்தெட்டு வயசில் கிளப்பே அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் கூரை போடுகிற வேலைக்குப் போயிருக்கிறான். அந்தச் சமயத்தில்தான் மெல்போர்னில் படித்துக்கொண்டிருந்த டானாவைச் சந்தித்து, கல்யாணம் செய்து, அவள் ஊரான டெக்ஸாஸுக்கு வந்தான்.

இங்கே அமெரிக்காக்காரர்கள் ஆடுகிற ஃபுட்பாலில், பந்தை உயரமாகவும் தூரமாகவும் உதைத்து அனுப்புவதற்கென்றே ஒரு ஆள் உண்டு. ஆட்டத்தில் சில தடவை உள்ளே வந்து உதைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். ஓட வேண்டாம், ஏற வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஆடியவர்களுக்கு அந்த உதை கைவந்த கலை என்று இங்குள்ள டீம்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெரிய டீம்காரர்கள் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் வந்து உதைத்துக் காட்டச் சொல்லி அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வயது முப்பத்தொன்று. இது போனால் இன்னொன்று வராது. இதை அவன் என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டான்.

"உதைக்கறது வலது கால்தானே, இடது கால் எப்படி இருந்தா என்ன?" என்று வீட்டுக்காரர் கேட்டார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உதைக்கிற கால் காற்றில் இருக்கிறது. அந்த நேரத்தில் மொத்த உடம்பையும் தாங்கித் திரும்புவது ஊன்றிய கால். கிரெய்க் ஊன்றுவது இடது கால்.

3

அவன் முதலில் எங்கள் கிளினிக்குக்கு வந்தபோது, படியில் இறங்கும்போது முழங்கால் கொஞ்சம் நழுவுகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்றான். டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார். இன்ஷூரன்ஸ்காரர்கள், முதலில் ஆறு வாரம் பிசியோதெரபி, அதிலும் சரியாகாவிட்டால்தான் ஸ்கேன் என்று சொல்லிவிட்டார்கள். நானே இரண்டு தடவை போன் போட்டு, பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்து, ஒரு பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தேன். ஹேவ் எ கிரேட் டே என்று வைத்துவிட்டாள். ஆறு வாரம் முடிகிற நாள் சனிக்கிழமைக்கு அப்புறம்தான் வந்தது. டாக்டரை அவன் பார்க்க வேண்டிய நாளும் அதற்கு அப்புறம்தான்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்தார்கள். அது ஒரு வேடிக்கை. கிரெய்க் தன் ஆட்டங்களின் வீடியோ கேசட்டுகளை மெல்போர்னிலிருந்து கொண்டுவந்திருந்தான். அவை இங்கத்திய வி.சி.ஆரில் ஓடாது. ஊரிலிருந்து கல்யாணக் கேசட் கொண்டுவந்த எந்தத் தமிழனுக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். அதற்காகவே நாங்கள் எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடுகிற வி.சி.ஆர். ஒன்று வாங்கி வைத்திருந்தோம். கிளினிக்கில் அவன் காலுக்கு மின்சாரச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருக்கும்போது இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவன் அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"டானா நான் ஆடி ஒரு தடவ கூட பாத்ததில்ல" என்றான்.

எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தேன். தரையில் உட்கார்ந்து பார்த்தோம். படம் பூரா மழைக்கோடு. அதில் ஒல்லியாக ஒரு பையன், தலைமுடி கழுத்து வரை, இன்னொருத்தன் தோளில் ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டான் போலிருந்தது. பந்து அவன் கையில் வந்து விழுந்தது. மைதானமே எழுந்து கத்தியது. டானா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"ஏம்மா, இந்த ஆளா நம்ம வீட்ல உக்காந்து வறுவல் தின்னுட்டிருக்கான்?" என்று வீட்டுக்காரர் தமிழில் கேட்டார்.

எங்கள் மகள் காவியா அப்போது ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். நாம் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அவள் போய் கிரெய்க் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்குப் பயமாக இருக்காதா என்று கேட்டாள். மேலே இருக்கும்போது இருக்காது, இறங்கும்போதுதான் என்றான். இரண்டாவது கேசட் நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டான். அதற்கு மேல் பார்க்க வேண்டாம் என்றான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

4

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கேன் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே பிடித்து முன்னால் இழுத்தால், உள்ளே இருக்கிற நார் ஒரு இடத்தில் டக்கென்று பிடித்து நிறுத்த வேண்டும். அவன் காலில் அந்தப் பிடிப்பே இல்லை, நார் அறுந்துவிட்டது. கால் என் கையோடு வந்துகொண்டே இருந்தது. தொடைச் சதையின் பலத்தில் இத்தனை நாள் நடந்துகொண்டிருக்கிறான். அவனோ கூரையைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு வலியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். சிரித்துவிட்டு, ஐஸ் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே டானா உட்கார்ந்திருந்தாள், அவனைக் கூட்டிப் போக. அவளைக் கூப்பிட்டு, ஐஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன்.

இதைப் படிக்கிற நீங்களே சொல்லுங்கள், வேறென்ன செய்வீர்கள்? நம்மூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்கீங்க?" என்பதுதான். கூட வந்தவரை வெளியே கூப்பிட்டு நிஜத்தைச் சொல்வார். உள்ளே போய் நோயாளியின் தோளில் தட்டி, "ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்" என்பார். நிஜத்தைத் தாங்க ஒரு குடும்பம், பிழைத்து எழ ஒரு தைரியம். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் மாமனாருக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஊரில் இருபது பேருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, செக்கப் என்று சொல்லித்தான் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போக இருந்தார்கள். காவியாதான் போனில், ஆபரேஷனுக்குப் பயமா தாத்தா என்று கேட்டுத் தொலைத்தாள். அவருக்கு விஷயம் அப்படித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் போன் செய்யும்போதெல்லாம் எங்களை விட்டுவிட்டு அவளைத்தான் கேட்பார். எனக்கு அது பிடிக்கவில்லை.

டானா அசையாமல் கேட்டாள். "உதைச்சா என்ன ஆகும்?"

"முழங்காலே விட்டுப் போயிடும். எலும்பும் தேய்ஞ்சிருக்கு. அப்பறம் நடக்கறதே கஷ்டம்."

"இத கிரெய்க் கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல இல்ல. நீங்கதான் சொல்லணும். மெதுவா. இன்னிக்கு வேண்டாம், சாப்பிட்டுத் தூங்கட்டும். நேரம் பாத்து சொல்லுங்க."

என்னை அவள் பார்த்த பார்வையை நான் அன்றைக்குத் தப்பாகப் புரிந்துகொண்டேன். பாவம், அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

மெதுவாவது, நேரம் பார்ப்பதாவது. பார்க்கிங் லாட்டை விட்டு வெளியே போவதற்குள் காரிலேயே சொல்லிவிட்டாள்.

5

வியாழக்கிழமை சாயங்காலம், கடைசி ஆளாக வந்தான். தனியாக வந்திருந்தான். மேஜையில் ஏறிப் படுக்கவில்லை. என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"மெல்போர்ன்ல டீம விட்டு என்னத் தூக்கிட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா?" என்றான். "கிளப்புக்கு கார்ல போயிட்டிருந்தேன். ரேடியோல நியூஸ். இந்த வருஷம் யார் யாரத் தூக்கிட்டாங்கன்னு படிச்சாங்க. அதுல என் பேரும் வந்துது. ஓரமா நிறுத்திட்டேன். எங்கம்மாவுக்கு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துது. யாரோ போன் பண்ணியிருக்காங்க. எனக்கு யாரும் பண்ணல."

நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டான்.

"டானா கிட்ட சொன்னத விடுங்க. போகட்டும். இப்ப என்னப் பாத்து சொல்லுங்க. சனிக்கிழமை நான் உதைக்கலாமா, கூடாதா?"

கூடாது. ஒரே ஒரு வார்த்தை. நோ என்றால் முடிந்தது. மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததுதான். அவன் இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ரிசல்ட் போர்டு முன்னால் நிற்கிற பிள்ளையின் முகம். அந்த முகத்தைப் பார்த்து அப்படியொரு வார்த்தையை நான் என் ஜென்மத்தில் யாரிடமும் சொன்னதில்லை. கோயமுத்தூரில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், எந்திரிச்சு நடப்பனா அம்மணி, நெல்லு தூக்குவனா அம்மணி என்று. எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன்.

"முழங்கால்ல டேப்ப நல்லா இறுக்கிக் கட்டினா ஒண்ணும் ஆகாது கிரெய்க்" என்றேன். "தைரியமாப் போங்க."

அவன் கண்ணை மூடி மூச்சு விட்டான். தோள் இரண்டும் இறங்கின. அப்புறம் எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கச் சொன்னான். சொல்லிக் கொடுத்தேன். சுருக்கம் விழாமல், மேலிருந்து கீழாக, குறுக்கே, திரும்பக் குறுக்கே. நல்ல வேலைக்காரி நான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போகும்போது என் கையைக் குலுக்கி, "தேங்க்ஸ், நேரா சொன்னதுக்கு" என்றான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெள்ளிக்கிழமை பூராவும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? நேற்று சொன்னது பொய் என்றா? மனைவியிடம் ஒன்று, புருஷனிடம் ஒன்று சொன்னேன் என்றா? டானா நிஜம் தெரிந்தவள், அவள் தடுத்துவிடுவாள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நம் வீடுகளில் அப்படித்தானே நடக்கும். கூட வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

6

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. டானா. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னாள், ஏதோ முகவரி ஒப்பிக்கிற குரலில். அடுப்பை அணைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

"போகாத சுமதி" என்றார் வீட்டுக்காரர். "நீ போனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வக்கீலக் கேட்டுட்டுப் போலாம். இங்கெல்லாம் எதுக்கெடுத்தாலும் கேஸ்."

"வக்கீலக் கேட்டுட்டு துக்கம் விசாரிக்கப் போறதா?"

"துக்கமா? ஆளு உசுரோடதான இருக்கான்?"

ஃப்ரீவேயில் ஓட்டும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது.

டானா காரிடாரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய ஒற்றை ஷூ. நான் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். முதல் சில உதைகள் அப்படி இருந்ததாம். பந்து மேலே போய் இறங்க மறந்துவிட்டதாம். பந்து எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்று பார்க்கக் கையில் கடிகாரம் வைத்திருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களாம். இன்னும் ஒன்று என்று சொன்னார்களாம். அந்த ஒன்றில் ஊன்றிய கால் ஊன்றியபடியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. சத்தம் தனக்கே கேட்டது என்றாள்.

"நான் எவ்வளவோ சொன்னேன். வேண்டாம்னு கெஞ்சினேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? உனக்கு விஷயம் தெரியாது, சுமதியே என் மூஞ்சியப் பாத்து முடியும்னு சொன்னாங்கன்னான். என்னப் பொய்க்காரின்னு நெனச்சான். ரெண்டு நாளா என்கிட்ட பேசல." ஷூவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். "என் கிட்ட ஒண்ணு சொன்னீங்க. அவன் கிட்ட வேற ஒண்ணு சொன்னீங்க. ஏன்?"

என்னிடம் பதில் இருந்தது. அவன் தைரியத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான். எங்கள் ஊரில் அது பொய் இல்லை, அதுவும் ஒரு மருந்துதான். இந்த இங்கிலீஷில் அதை எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் வரும் என்று தெரிந்தது. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து போ என்று அவள் சொல்லவில்லை.

இத்தனை வாரமாகக் கிடைக்காத ஸ்கேன் அன்றைக்கு வந்து இறங்கியதுமே எடுத்து முடித்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு சர்ஜன் வந்தார். டானா எழுந்து நின்றாள். நானும் எழுந்தேன். அவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முதலில் கிரெய்க்கிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

நாங்கள் திரும்ப உட்கார்ந்தோம். டானா ஷூவின் கயிற்றை முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"உள்ள அவர் என்ன சொல்லிட்டிருக்காருன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். ஒண்ணுமில்ல டானா, சரியாப் போயிடும் என்றுதான் நாக்கு நுனி வரை வந்திருந்தது. இவ்வளவுக்கும் அப்புறம்.

"சொல்லாதீங்க" என்றாள். "அது அவனோடது. அவனே சொல்லட்டும்."

உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் பேச்சுக் குரல் கேட்டது. அப்புறம் அது நின்றது. பெரிய ஆம்பிளை ஒருத்தன் அழுகிற சத்தம் கதவைத் தாண்டி வந்தது. டானா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து ஓடவில்லை. கடைசியில் அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் ஷூவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.